முதல் சிங்கிள் டெயில் சாட்டை: எந்த வகை, என்ன நீளம், எப்படிப் பழகுவது?

வெண்கொக்கு கேட்டது:

வணக்கம். சம்மதத்தோடு அடி கொடுத்து வாங்கும் பிடிஎஸ்எம் விளையாட்டில் ஃப்ளாகரும் (பல வார்கள் கொண்ட சாட்டை) பிரம்பும் எங்கள் இருவருக்கும் பழக்கம். அடுத்து சிங்கிள் டெயில், அதாவது ஒற்றை வால் சாட்டை, கற்றுக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். முதலில் கேட்டதே என் துணைவிதான், அதனால் சம்மதத்தில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் கருவியில்தான். விற்பவர்களின் பக்கத்தைத் திறந்தால் புல்விப், ஸ்நேக் விப், சிக்னல் விப், டிராகன் டெயில் என்று வரிசையாக வருகிறது. நீளமும் 3 அடியிலிருந்து 8 அடி வரை இருக்கிறது.

எங்கள் நிலவரம் இது. சென்னையில் அப்பார்ட்மென்ட். ஹால் 3 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் நீளம், நடுவில் சீலிங் ஃபேன். பழகுவதற்கு மொட்டை மாடி கிடைக்கும். துணைவிக்குத் தோளில் சின்ன வயது பிசிஜி ஊசித் தழும்பு தடித்துப் புடைத்து நிற்கிறது. அது இதில் ஒரு பிரச்சினையா என்று தெரிய வேண்டும்.

என்ன வாங்குவது, தோலா நைலானா, ஆள் இல்லாமல் எப்படிப் பழகுவது, எந்தக் கட்டத்தில் ஆள் மேல் வீசலாம்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் படிப்போம்.

---

பின்னல்பட்டறை:

வகைகளைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

புல்விப்பில் 20 முதல் 30 செ.மீ. வரை விறைப்பான கைப்பிடி இருக்கும். அதிலிருந்து பின்னல் உடல் மெலிந்துகொண்டே போகும். பின்னல் முடியும் இடத்தில் ஃபால் என்ற ஒற்றைத் தோல் வார், அதன் நுனியில் நூல் குஞ்சம். ஸ்நேக் விப்பில் விறைப்பான கைப்பிடி கிடையாது, அடியிலிருந்தே வளையும். பெரும்பாலும் ஃபால் இருக்கும். சிக்னல் விப்பும் அடியிலிருந்தே வளைவதுதான், ஆனால் ஃபால் இல்லை. பின்னல் முடிந்ததும் நேராகக் குஞ்சம். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குச் சத்தத்தால் குறிப்புக் கொடுக்கப் பயன்பட்ட சாட்டை அது. டிராகன் டெயில் பின்னலே இல்லாதது. முக்கோணமாக வெட்டிய மென்தோலைச் சுருட்டித் தைத்திருப்பார்கள். அது நன்றாக இருக்கும், ஆனால் அதில் வரும் கைப்பழக்கம் பின்னல் சாட்டைக்கு அதிகம் உதவாது.

உடல் மேல் வீசும்போது ஃபால் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம். ஃபால் என்பது எடையுள்ள தோல் வார். தூரக் கணக்கு 10 செ.மீ. தவறினால் குஞ்சத்துக்குப் பதில் ஃபால் போய் இறங்கும், தோல் கிழியும். சிக்னல் விப்பில் அதே தவறுக்குப் பின்னலின் மெல்லிய நுனி இறங்கும். அதுவும் வலிக்கும், ஆனால் சேதம் குறைவு. அதனால் உங்கள் இருவருக்கும் 4 அடி சிக்னல் விப் என்று சொல்வேன். 3 அடிக்குக் கீழே போகாதீர்கள். சாட்டை குட்டையாக ஆக ஆக எல்லாம் அவசரமாக நடந்து முடியும், திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

உங்கள் ஹாலுக்கு அளவு போட்டுப் பாருங்கள். கை 65 செ.மீ., சாட்டை 120 செ.மீ., குஞ்சம் 15 செ.மீ. ஆக எட்டும் தூரம் 2 மீட்டர். வீசும் முன் சாட்டை பின்பக்கமும் அதே 2 மீட்டர் போகும். அடி வாங்குபவர் சுவரோரம் நிற்க 40 செ.மீ. மொத்தம் 4.4 மீட்டர். உங்கள் 4.5 மீட்டரில் இது மயிரிழையில்தான் அடங்குகிறது. பின்சுவரில் டிவி, கண்ணாடி அலமாரி எது இருந்தாலும் குஞ்சம் அதைத் தொடும். அதை நகர்த்த முடியாது என்றால் 3 அடி அல்லது மூன்றரை அடி எடுங்கள். ஃபேன் இறக்கை பொதுவாக 2.4 மீட்டர் உயரத்தில் தொங்கும், மேலிருந்து வரும் வீச்சு அதைப் பிடிக்கும். ஃபேனை நிறுத்தினால் மட்டும் போதாது, வீச்சுப் பாதையில் அது இல்லாதபடி ஒரு பக்கமாக நில்லுங்கள்.

தோலா நைலானா என்றால், கங்காரு தோல்தான் உயர்ந்தது. மிக மெல்லிய வாராக அறுத்தாலும் அறுந்துபோகாது, அதனால் நெருக்கமாகப் பின்ன முடியும். விலையும் அப்படித்தான் இருக்கும். மாட்டுத்தோல் அதே மெல்லிசுக்கு வலு போதாது, வார் தடிமனாக இருக்கும், நுனி கனத்துவிடும். நைலான் பாராகார்ட் (பாராசூட் கயிறு) சாட்டை சோப்புப் போட்டுக் கழுவலாம், மழையில் நனையலாம், மொட்டை மாடி சிமென்ட் தரையில் உரசினாலும் ஓரளவு தாங்கும். முதல் சாட்டையாக நைலானே போதும். ஆனால் நைலான் எடை குறைவு. உள்ளே எஃகுக் குண்டு அல்லது ஈயக் குண்டு நிரப்பிய குழல் இருக்க வேண்டும், அதன் மேல் குறைந்தது இரண்டு அடுக்குப் பின்னல். உள்ளே ஒன்றுமில்லாத நைலான் சாட்டை காற்றில் நெளியுமே தவிர நுனிக்கு வேகம் போய்ச் சேராது.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் அடியிலிருந்து நுனி வரை இரண்டு விரலால் மெல்ல உருவிக்கொண்டே போங்கள். எங்கும் மேடு, பள்ளம், திடீர் மெலிவு தட்டுப்படக் கூடாது. சீராக மெலிந்தால்தான் கையிலிருந்து கிளம்பும் வேகம் குறையாமல் நுனிக்குப் போகும். ஒரே இடத்தில் மடங்கும் சாட்டை அந்த இடத்தில் வேகத்தைத் தின்றுவிடும், எங்கே திரும்பும் என்றும் சொல்ல முடியாது. குலுக்கினால் உள்ளே குண்டு சத்தம் கேட்கக் கூடாது. அலங்காரத்துக்கும் நாடக உடைக்கும் விற்கிற மலிவுச் சாட்டைகளில் உள்ளே கயிறும் கழிவுத் தோலும்தான் இருக்கும். அதில் பழகினால் கை தப்பான வழியில் பழகும், அதை மாற்றுவது பெரும்பாடு.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: குஞ்சம் மாற்றக் கூடியதா? பழைய முறைச் சிக்னல் விப்பில் குஞ்சம் பின்னலோடு சேர்ந்தே முடியும், தேய்ந்தால் செய்தவரிடமே அனுப்ப வேண்டும். நுனியில் சின்னக் கண்ணி வைத்துச் செய்தவற்றில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வகைதான் உங்களுக்கு வேண்டும்.

---

கிழக்குவாசல்:

சாட்டை வந்ததும் முதல் வேலை கண்ணாடி. சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டு மறைப்புள்ள பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். இசட்87 அல்லது இஎன்166 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். பழகும்போது தொப்பி, முழுக்கை, ஜீன்ஸ். புதிதாகப் பழகுபவருக்கு அடி விழும் இடங்கள் சொல்லி வைத்த மாதிரி இருக்கும்: சொந்தக் காது, கன்னம், முன்கை. சொடுக்குச் சத்தம் காதுப் பக்கம் வந்தால் செவிக்கும் கேடு.

வீச்சுக்கு வருவோம். சாட்டை பின்னால் தரையில் நேராகக் கிடக்கட்டும். கையைத் தோளுக்கு ஒரு சாண் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு நேர் மேலே கொண்டு போகாதீர்கள். முதலில் முழங்கை முன்னே வரும், பிறகு முன்கை, கடைசியில் கைப்பிடி. கைப்பிடி இலக்கைச் சுட்டும் நொடியில் கை நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் சாட்டையில் ஒரு வளைவு உருவாகி நுனி நோக்கி உருண்டு ஓடும். மணிக்கட்டை வெட்டி இழுக்க வேண்டாம், பலமும் போட வேண்டாம். சாட்டையின் மெலிவுதான் வேகத்தைக் கூட்டுகிறது. 2002-இல் அலான் கோரியலியும் டைலர் மெக்மில்லனும் கணித வழியில் காட்டியதும் இதைத்தான்: அந்த வளைவு நொடிக்கு 340 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தை எட்டும்போது சொடுக்குச் சத்தம் பிறக்கிறது, நுனியோ அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. உங்கள் தோள்பலம் அதில் கொஞ்சம்தான்.

சத்தம் வரவில்லை என்று பலரும் கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுப்பார்கள். இழுத்தால் சத்தம் வரும், ஆனால் நுனி உங்கள் முகத்தை நோக்கித் திரும்பி வரும். வீசி முடிந்ததும் கையை அப்படியே முன்னே இறங்க விடுங்கள், சாட்டை தானாகத் தரையில் விழட்டும். நல்ல சாட்டைக்கு இயல்பாகவே ஒரு பக்கம் வளையும் குணம் இருக்கும். கையில் பிடித்துத் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரியும். அந்த வளைவுக்கு எதிராக முறுக்கிப் பிடித்தால் குறி கோணலாகத்தான் போகும்.

இரண்டு வீச்சுகளைப் பழகினால் போதும், சர்க்கஸ் வித்தைகள் தேவையில்லை. ஒன்று மேலிருந்து செங்குத்தாக வருவது, மற்றது இடுப்புயரத்தில் பக்கவாட்டில் வருவது. செங்குத்து வீச்சில் இட வலம் துல்லியமாக இருக்கும், பிசகினால் மேலோ கீழோ போகும். பக்கவாட்டு வீச்சில் உயரம் துல்லியமாக இருக்கும், பிசகினால் இடமோ வலமோ போகும். அதனால் முதுகெலும்பைத் தவிர்த்து அதன் இரு பக்கமும் வீச வேண்டிய மேல்முதுகுக்குச் செங்குத்து வீச்சு. பின்தட்டுக்குப் பக்கவாட்டு வீச்சு. மேல்முதுகில் எப்போதும் நினைத்த இடத்துக்கு நாலு விரற்கடை கீழேயே குறி வையுங்கள், பிசகு மேலே போனால் அங்கே இருப்பது கழுத்து.

பழகும் இலக்கு: ஒரு தலையணையைக் கறுப்புத் துணியில் சுற்றி, நாற்காலி முதுகில் நிற்பவரின் முதுகு உயரத்துக்குக் கட்டுங்கள். குஞ்சத்தைச் சாக்பீஸ் பொடியில் தோய்த்துவிட்டு வீசுங்கள். எங்கே பட்டது, எவ்வளவு நீளம் பட்டது என்று வெள்ளைத் தடம் சொல்லும். புள்ளியாக விழுந்தால் குஞ்சம் மட்டும் தொட்டிருக்கிறது. கோடாக விழுந்தால் நீங்கள் நெருங்கி நிற்கிறீர்கள், பின்னல் உடலும் சேர்ந்து இறங்குகிறது. இந்தத் தடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கலை கைவந்த மாதிரி.

முதலில் சொடுக்காத வீச்சு பழகுங்கள். பாதி வேகத்தில், சத்தமே இல்லாமல், நுனி போய்த் தொட்டுவிட்டுக் கீழே விழ வேண்டும். ஆள் மேல் பெரும்பாலும் வீசப்போவது இதைத்தான். 20 வீச்சில் 20-ம் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள், அதுவும் புள்ளியாக விழ வேண்டும். 18 போதாது, தவறிய அந்த இரண்டு எங்கே விழுந்தன என்பதுதான் கேள்வி. வேறு வேறு நாட்களில் தொடர்ந்து அப்படி விழுந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இடையில் ஜீன்ஸ் போட்ட உங்கள் தொடையில் நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு துணி இல்லாமல். கொடுக்கப் போவது என்ன என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது.

---

வெண்கொக்கு:

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். சாட்டை உடலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் அடிக்கும் என்கிறார்களே, அது ஏன் நடக்கிறது? ஆள் நிற்கும்போது சரியான தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

---

கிழக்குவாசல்:

இரண்டுக்கும் ஒரே பதில்தான். சாட்டையின் நடுப்பகுதி உடலில் முதலில் பட்டால், மிச்சமிருக்கும் வால் அந்த இடத்தை அச்சாகக் கொண்டு சுழலும். சுழலச் சுழல வேகம் கூடும். கடைசியில் குஞ்சம் விலாவிலோ மார்பிலோ போய் வெட்டும். விலாப் பக்கத்தில் சதை இல்லை, தோலுக்கு அடியிலேயே எலும்பு. பக்கவாட்டு வீச்சில் இது அதிகம் நடக்கும். காரணம் எப்போதும் ஒன்றுதான், ஓரடி முன்னே நிற்பது. வலி போதவில்லை என்று வாங்குபவர் சொன்னதும் கால் தானாக முன்னே போகும், அங்கேதான் இது ஆரம்பிக்கிறது. வலி கூட வேண்டுமானால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், காலை நகர்த்தாதீர்கள்.

தூரத்துக்கு: அவர் அசையாமல் நிற்கட்டும், கை தோள் உயரத்தில் சுவரைத் தாங்கியிருக்கட்டும். நீங்கள் கையை முழுதாக நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் சாட்டையை இழுத்துப் பிடித்து, குஞ்சத்தின் நுனி அவர் முதுகைத் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஒரு சாண் பின்னே வந்து தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முதல் வீச்சு எட்டாமல் போக வேண்டும். பிறகு இரண்டு விரற்கடை, இரண்டு விரற்கடையாக முன்னே வாருங்கள். குஞ்சத்தின் கடைசி 2, 3 செ.மீ. மட்டும் தொடும் இடத்தில் புது டேப். இனி உங்கள் முன்கால் அதைத் தாண்டாது. அவர் சாய்ந்தாலோ எடையை மாற்றி நின்றாலோ கணக்கு போயிற்று, மறுபடி அளக்க வேண்டும். பிடிமானமில்லாமல் நடு ஹாலில் நிற்க வைக்காதீர்கள். அடி பட்டதும் உடல் முன்னே போகும், திரும்பி வரும்போது அடுத்த அடி வேறிடத்தில் விழும்.

தாலிச் சங்கிலி, தோடு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும், குஞ்சம் சங்கிலியில் மாட்டினால் கழுத்தை அறுக்கும். கூந்தலைக் கொண்டையாக உச்சியில் முடியலாம், அல்லது சடையை முன்பக்கம் போடலாம். முகம் சுவர்ப்பக்கம். திரும்பிப் பார்ப்பது மனித இயல்பு, அதனால் வாங்குபவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். என்னைக் கேட்டால் இதில் சமரசமே கிடையாது. “நிறுத்து” என்பதற்குச் சேஃப்வேர்ட் இருக்கும், அதோடு “திரும்பப் போகிறேன்” என்பதற்கும் தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் வந்ததும் சாட்டை தரையில் கிடக்க வேண்டும். வாய் பேச முடியாத நிலையில் விளையாடுபவர்கள் கையில் ஒரு சாவிக்கொத்து கொடுத்துவிடுங்கள், அது விழுந்தால் ஆட்டம் நின்றது என்று பொருள்.

முதல் நாள் ஃப்ளாகரால் 10 நிமிடம் சூடேற்றிவிட்டு, சாட்டையில் 10 அல்லது 15 மென்தொடல்களோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அவர் ஒரு மூச்சு முழுதாக விடட்டும். தோள் களைத்ததும் முதலில் போவது துல்லியம். களைப்பு தெரிந்தால் அன்று அவ்வளவுதான். மது அருந்திய அன்று சாட்டை பக்கமே போகக் கூடாது, இருவரில் யார் அருந்தியிருந்தாலும்.

---

மருந்துப்பெட்டி:

அந்த பிசிஜி தழும்பு பற்றி யாரும் எழுதவில்லை. இந்தத் திரியில் முதலில் பேசியிருக்க வேண்டியது அதுதான்.

ஊசி போட்ட இடம் தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது கீலாய்டாக இருக்க வாய்ப்புண்டு. கறுத்த தோலில் கீலாய்டு அதிகம் வரும். மார்பு நடுப்பகுதி, தோள், மேல்முதுகு ஆகியவை அது விரும்பி வளரும் இடங்கள். சாட்டைக்கு வழக்கமாகச் சொல்லும் இடமும் அதே மேல்முதுகுதான். தோல் கிழிந்து ஆறும் ஒவ்வொரு கீறலும் இன்னொரு தடித்த தழும்பாக மாறலாம். அரிக்கும், வலிக்கும், முழுதாகப் போக்குவது கடினம், வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். எனவே முதலில் தோல் மருத்துவரிடம் அந்தத் தழும்பைக் காட்டி அது என்னவென்று கேளுங்கள். கீலாய்டுதான் என்றால் மேல்முதுகு வேண்டாம். பின்தட்டின் சதைப்பகுதியும் தொடையின் பின்புற மேல்பாதியும் போதும், அங்கேயும் தோல் கிழியாத அளவில் மட்டும். கெவ்லர் (எளிதில் அறுபடாத செயற்கை நூல்) குஞ்சம் போன்ற வெட்டும் நுனிகள் உங்கள் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

தவிர்க்க வேண்டிய இடங்களைக் காரணத்தோடு சொல்கிறேன். தலை, முகம், கழுத்து: கண், செவி, பெரிய ரத்தக் குழாய்கள். முதுகெலும்பும் வால் எலும்பும்: தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை இல்லை. கடைசி விலாவுக்குக் கீழே இரு பக்கமும்: அங்கே சிறுநீரகம் இருக்கிறது. சிக்னல் விப்பின் குஞ்சத்துக்கு அதை நசுக்கும் எடை இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஃபால் வைத்த புல்விப்புக்கும் கனமான ஃப்ளாகருக்கும் இருக்கிறது. ஒரே விதியாக வைத்துக்கொள்வது நல்லது. மூட்டுகள், முழங்காலின் பின்குழி: நரம்பும் ரத்தக் குழாயும் மேலாக ஓடுகின்றன.

அடுத்தது நம் தோல் நிறம். “தோல் சிவந்ததும் நிறுத்து” என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். கண்ணை நம்பாமல் கையை வையுங்கள். ஐந்தாறு வீச்சுக்கு ஒரு முறை போய் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சூடு கூடியிருக்கிறதா, தடிப்பு எழும்பியிருக்கிறதா, ஈரம் தட்டுப்படுகிறதா என்று விரலுக்குத் தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து வைத்தால் தடிப்பின் நிழல் தெரியும். மங்கல் விளக்கு அழகாக இருக்கும், சாட்டைக்கு உதவாது. ஆறிய பிறகு கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கலாம். வெயில் படாமல் மூடுவதும், சொறியாமல் இருப்பதும் அதைக் குறைக்கும். முதுகு தெரியும் ரவிக்கை போட வேண்டிய கல்யாணம் வருகிறதா என்பதெல்லாம் முன்கூட்டியே பேச வேண்டிய சங்கதி.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், அதாவது வார்ஃபரின், குளோபிடோக்ரெல், தினசரி ஆஸ்பிரின் எடுப்பவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு களிம்பு தடவுபவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் சாட்டையடி வாங்க வேண்டாம். ஆட்டத்துக்கு முன் பேசும்போது இந்த மருந்துகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “உடம்பு எப்படி” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லாதான் இருக்கேன்” என்றுதான் பதில் வரும்.

தோல் கிழிந்தால் ஆட்டம் நின்றது. குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி, வாஸ்லின் தடவி, ஒட்டாத கட்டுத்துணி வையுங்கள். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். வெறும் தடிப்புக்குத் துணி சுற்றிய ஐஸ் 10 நிமிடம். டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, காயம் வாய்பிளந்திருக்கிறது, மரத்துப்போகிறது என்றால் மருத்துவமனை. கண்ணில் பட்டால் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் அன்றே கண் மருத்துவர், உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். மருத்துவரிடம் சாட்டை நுனி பட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் தேட வேண்டியது அதைப் பொறுத்தது.

கருவிச் சுத்தம்: ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். பின்னல் தோலைக் கிருமி நீக்க வழியே இல்லை, ஆல்கஹால் மேலே துடைக்கும், பின்னலுக்குள் போகாது. ரத்தம் பட்ட தோல் சாட்டை அந்த ஒருவருக்கு மட்டும்தான். குஞ்சம் ரத்தம் பட்டதும் குப்பைக்கு. நைலானைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி முழுதாகக் காய வைக்கலாம். இருந்தாலும் ரத்தம் பட்டதை இன்னொருவர் மேல் பயன்படுத்தாதீர்கள்.

---

கடல்நாகம்:

பின்னல்பட்டறை சொன்ன நீளத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. ஆள் மேல் வீச 4 அடி சிக்னல் சரிதான். கற்க அது சரியல்ல. வளைவு உருண்டு ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தால்தான் கை எங்கே பிழைக்கிறது என்று புரியும். 6 அடி புல்விப்பில் அது நிதானமாக நடக்கும், விறைப்பான கைப்பிடி இருப்பதால் எங்கே சுட்டுகிறது என்பதும் தெளிவாகத் தெரியும். மொட்டை மாடி இருக்கிறதே, 6 அடி நைலான் புல்விப் ஒன்றில் வீச்சு படிந்த பிறகு 4 அடிக்கு வந்தால் பாதி நேரத்தில் துல்லியம் வரும். சுற்றிலும் 4 மீட்டர் ஆளில்லாமல் இருக்க வேண்டும். துணிக்கொடி, டிஷ் ஆன்டெனா, மின்கம்பி எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பின்னல்பட்டறை:

இரண்டு சாட்டை வாங்க வசதி இருந்தால் கடல்நாகம் சொல்வது நல்ல வழி, மறுக்கவில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை. 6 அடியில் கற்றுவிட்டு அதையே ஹாலுக்குள் கொண்டு வந்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம், அது 3 மீட்டர் எட்டும். மொட்டை மாடியில் இன்னொன்று: சொடுக்கு வெடிச்சத்தம் மாதிரி நாலு தெரு கேட்கும். பகலில், தொடர்ந்து அரைமணிக்கு மேல் வேண்டாம். சொடுக்காத வீச்சுக்குச் சத்தமே இருக்காது, அதை எந்நேரமும் பழகலாம்.

குஞ்சம் செய்வது சுலபம், கையில் பத்துப் பன்னிரண்டு வைத்திருங்கள். தையல் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் நூலைச் சுமார் 50 செ.மீ. நீளத்தில் எட்டுப் பத்து இழை சேர்த்தெடுங்கள். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையை ஒரே திசையில் நெருக்கமாக முறுக்குங்கள். விறைப்பு ஏறியதும் நடுவில் பிடித்து இரண்டாக மடித்தால் இரு பாதியும் தாமே ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். மடித்த பக்கம் கண்ணி வரும், அதுதான் சாட்டையில் மாட்டும் பக்கம். வெட்டிய பக்கம் 2 செ.மீ. விட்டு முடிச்சுப் போட்டு, அந்த 2 செ.மீ.யைப் பிரித்துப் பஞ்சாக்கிவிடுங்கள். பஞ்சு அடர்த்தியாக இருந்தால் தொடல் மென்மை. தேய்ந்து மெலிந்த குஞ்சம்தான் வெட்டும். அதனால் பஞ்சு உதிர்ந்து முடிச்சு மட்டும் மிஞ்சியதும் மாற்றிவிட வேண்டும், அந்த முடிச்சு தோலில் பட்டால் குழி விழும். கெவ்லர், டைனீமா நூல் நெடுநாள் உழைக்கும். உழைப்பதால்தான் ஆபத்து, தோல்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

சென்னை ஈரக்காற்றில் தோல் சாட்டையைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பருத்தித் துணிப்பையில், கூட நாலு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, அதன் இயல்பான வளைவின்படியே தளரச் சுருட்டி வையுங்கள். ஆணியில் மடக்கித் தொங்கவிட்டால் மடங்கிய இடம் உடையும். தேன்மெழுகு கலந்த தோல் மெழுகை விரலால் மெல்லியதாகத் தடவினால் போதும், எண்ணெயில் ஊற வைத்தால் வார் இளகி நீண்டுவிடும்.

---

நடுநிலை:

சட்டம் பற்றி ஒரு குறிப்பு. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 25-ஆம் பிரிவு, 18 வயது தாண்டியவர் தானே சம்மதித்து ஏற்கும் தீங்கைக் குற்றமாகக் கொள்வதில்லை, ஆனால் அது மரணத்தையோ கொடுங்காயத்தையோ நோக்கியதாகவோ, அவை விளையலாம் என்று தெரிந்து செய்ததாகவோ இருக்கக் கூடாது. கொடுங்காயம் என்ன என்பது 116-இல் இருக்கிறது: ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவதும், முகம் நிரந்தரமாகச் சிதைவதும் அந்தப் பட்டியலில் உண்டு. பயத்தாலோ, என்ன நடக்கிறது என்றே விளங்காத போதையிலோ கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்கிறது 28. லண்டனில் இருந்து படிப்பவர்களுக்கு நிலைமை வேறு. 1993-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த பிரவுன் வழக்குக்குப் பிறகு, உடற்காயம் உண்டானால் சம்மதம் எதிர்வாதமாகாது. தோல் கிழிவது மட்டுமல்ல, கன்றிப்போவதுகூட அங்கே உடற்காயமாகக் கொள்ளப்படலாம்.

---

வெண்கொக்கு:

நாளைக்கே தோல் மருத்துவரிடம் நேரம் வாங்குகிறோம். அவர் சொல்லும்வரை மேல்முதுகு கிடையாது. சாட்டை நைலான், 4 அடி, குஞ்சம் மாற்றக்கூடியது என்று முடிவு. ஹாலின் பின்சுவரில் கண்ணாடி அலமாரி இருக்கிறது, நகர்த்த முடியுமா என்று பார்க்கிறேன், இல்லையென்றால் மூன்றரை அடி. பின்தட்டுக்குப் பக்கவாட்டு வீச்சு என்றால், எங்கள் ஹாலின் 3 மீட்டர் அகலம் போதுமா?

---

கிழக்குவாசல்:

முழுக் கையை விரித்து வீசினால் போதாது, சுவரில் மாட்டும். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து முன்கையால் மட்டும் வீசுங்கள். சாட்டையும் நேர்க் கிடையாக வராமல் 45 பாகை சாய்வாக, மேலிருந்து கீழே இறங்கட்டும். அறையின் நடுக்கோட்டில் நிற்காமல், வீசும் கைக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றால் உங்களுக்கு 2 மீட்டருக்கு மேல் கிடைக்கும். அந்த நிலையிலும் தலையணையும் சாக்பீஸும் வைத்து முதலிலிருந்து பழகுங்கள். மொட்டை மாடியில் வந்த துல்லியம் ஹாலுக்குள் அப்படியே வராது.